ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் முடித்துக் கிளம்புகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கு ஜெர்மனி வந்து இறங்கும்போது வழிகாட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கிளம்பும்போது ஒருவரும் இல்லை. சீனியர்களுக்கும் அதே நேரத்தில்தான் பரீட்சை. அதனால் ஜனவரிக் கடைசியிலும் ஜூலைக் கடைசியிலும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து கிளம்புவதில் தனித்தனியாக எந்த வேலையும் கடினமில்லை. வரிசை தப்பினால்தான் பணம் போகும்.

செமஸ்டர் மார்ச் 31-ல முடியுதுன்னு போட்டிருக்கு. ஆனா கிளாஸ் பிப்ரவரியிலேயே முடிஞ்சிடுதே, எந்தத் தேதியை நம்பி டிக்கெட் போடறது?

இரண்டையும் நம்பக் கூடாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, கோடைகால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. இது காகிதக் கணக்கு. வகுப்புகள் பிப்ரவரி முதல் பாதியிலோ ஜூலையிலோ முடிந்துவிடும். தொழில்நுட்பக் கல்லூரி வகையைச் சேர்ந்த ஹோக்ஷூலேக்கள் சிலவற்றில் எல்லாமே ஒரு மாதம் முன்னால் நடக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் கடைசிப் பரீட்சைத் தேதியும் ரூம் ஒப்பந்தம் முடியும் தேதியும். இந்த இரண்டுக்கும் நடுவில், ரூமை ஒப்படைத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ டிக்கெட் போடுங்கள். பரீட்சை முடிந்த அன்று இரவே பிளைட் ஏறுகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. அவர்களுடைய டெபாசிட் கதையைத்தான் பிறகு குழுவில் படிப்போம்.

எப்போ ஆரம்பிக்கணும்? கடைசி வாரத்துல எல்லாத்தையும் முடிச்சிடலாமா?

ரூம் விஷயத்தை மட்டும் மூன்று மாதத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஸ்டுடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பின் ஹாஸ்டல் என்றால் ஒப்பந்தம் பெரும்பாலும் செமஸ்டரோடு தானாக முடியும், நோட்டீஸ் தேவைப்படாது. ஆனால் பிப்ரவரியிலேயே போய்விட்டாலும் மார்ச் வாடகை உங்கள் தலையில்தான். ஹாஸ்டல் ஆபீஸ் அனுமதித்தால் அந்த ஒரு மாதத்துக்கு உள்வாடகைக்கு ஆள் பிடிக்கலாம்.

முடிவுத் தேதி இல்லாத சாதாரண வாடகை ஒப்பந்தம் என்றால் சட்டப்படி மூன்று மாத நோட்டீஸ். மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் வீட்டுக்காரர் கையில் அது கிடைத்தால்தான் அந்த மாதம் கணக்கில் சேரும். மெயில், வாட்ஸ்அப் எதுவும் செல்லாது. தாளில் எழுதி, மையால் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரரே குடியிருக்கும் வீட்டில் ஃபர்னிச்சரோடு ஓர் அறை எடுத்திருந்தால் கெடு குறைவு. 15-ஆம் தேதிக்குள் சொன்னால் மாதக் கடைசியில் காலி செய்யலாம்.

மற்ற வேலைகளுக்கெல்லாம் கடைசி மூன்று நான்கு வாரம் போதும்.

அப்மெல்டுங் கட்டாயமா? பண்ணாம போனா யாருக்குத் தெரியப் போகுது?

கட்டாயம். வந்தபோது நகராட்சி அலுவலகத்தில் ஆன்மெல்டுங் செய்து முகவரியைப் பதிந்தீர்கள் அல்லவா, அதை நீக்குவதுதான் அப்மெல்டுங். ரூமைக் காலி செய்யும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து, காலி செய்த பின் இரண்டு வாரம் வரை செய்யலாம். கட்டணம் இல்லை. பல ஊர்களில் படிவத்தை நிரப்பித் தபாலிலோ ஆன்லைனிலோ அனுப்பினாலே போதும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்த வழி இருக்கிறதா என்று பாருங்கள். படிவத்தில் புது முகவரி கேட்கும் இடத்தில் இந்திய வீட்டு முகவரியை எழுதுங்கள், காலியாக விடாதீர்கள்.

சட்டப்படி 1000 யூரோ வரை அபராதம் உண்டு. அபராதத்தைவிட முக்கியமானது, பதிவு நீக்கியதற்கு அவர்கள் கொடுக்கும் ஒற்றைத் தாள். இன்ஷூரன்ஸ், ரேடியோ வரி, இன்டர்நெட் கம்பெனி, சில நேரம் வங்கி என்று எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். ஸ்கேன் செய்து மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். கீழே நான் ‘அந்தத் தாள்’ என்று சொல்லுமிடமெல்லாம் இதுதான்.

அப்மெல்டுங் பண்ணிட்டா உடனே நாட்டை விட்டுப் போயிடணுமா? பத்து நாள் ஊர் சுத்தலாம்னு இருக்கேன்.

சுற்றலாம். அப்மெல்டுங் முகவரிப் பதிவை மட்டும்தான் நீக்குகிறது, விசாவை அல்ல. விசாவில் போட்டிருக்கும் கடைசி நாள் வரை இருக்கும் உரிமை இதனால் போகாது. நண்பர் அறையில் சில நாள் விருந்தாளியாகத் தங்குவதிலும் சிக்கலில்லை. மூன்றை மட்டும் கவனியுங்கள்: விசாத் தேதி, இன்ஷூரன்ஸ், பெட்டிகளை எங்கே வைப்பது. முதல் இரண்டுக்கும் கீழே தனிக் கேள்விகள் இருக்கின்றன.

ரூமை எப்படி ஒப்படைக்கறது? ஹவுஸ்மைஸ்டர் ரொம்ப கறார்னு சொல்றாங்களே.

ஹவுஸ்மைஸ்டர், அதாவது கட்டடப் பராமரிப்பாளர், கறார்தான். ஆனால் அவர் எங்கே பார்ப்பார் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். கதவைத் திறந்ததும் தரையைப் பார்க்கமாட்டார். நேராக பாத்ரூமுக்குப் போய் ஷவர் கண்ணாடியையும் குழாய் முனையையும் பார்ப்பார். ஜெர்மனியின் பல ஊர்களில் தண்ணீர் கடினம். ஆறு மாதத்தில் குழாயைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். அதைத்தான் கால்க் என்பார்கள். சாதாரண சோப்புக்கு அது அசையாது. சூப்பர் மார்க்கெட்டில் எஸ்ஸிக்எஸ்ஸென்ஸ் என்று கிடைக்கும் கெட்டி வினிகரைத் தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துக் குழாயில் சுற்றி ஒரு மணி நேரம் விட்டால் கையாலேயே உதிரும். குளோரின் கலந்த கிளீனரோடு மட்டும் அதைச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

அடுத்து சமையலறை. அடுப்புக்கு மேலே இருக்கும் புகை உறிஞ்சியின் சல்லடையை அவர் கழற்றிப் பார்ப்பார். தாளிப்பு நம் குலத்தொழில் என்பதால் அதில் எண்ணெய் மஞ்சளாகக் கட்டியிருக்கும். கொதிநீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஊற்றி இரவு முழுக்க ஊறவையுங்கள். ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைத்துப் பனியைக் கரைத்து, கதவைத் திறந்து வையுங்கள். சுவரில் ஆணி அடித்திருந்தால் அடைக்கும் பசை கட்டுமானப் பொருள் கடையில் டியூபாகக் கிடைக்கும். இவற்றையெல்லாம் சனிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள், ஞாயிறு கடை கிடையாது.

ஒப்படைக்கும்போது ஊபர்காபே புரொட்டோகோல் என்ற படிவத்தை நிரப்புவார்கள். அறையின் நிலை, சாவி எண்ணிக்கை, மீட்டர் அளவு எல்லாம் அதில் இருக்கும். ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். நீங்கள் செய்யாத சேதத்தை எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள், அல்லது ‘இது நான் வரும்போதே இருந்தது’ என்று அதே தாளில் எழுதிவிட்டுப் போடுங்கள். காலி அறையைக் கடைசியாக ஒரு முறை வீடியோ எடுத்து வையுங்கள். சாவி தொலைந்திருந்தால் மறைக்க வேண்டாம். பொதுக் கதவின் சாவி என்றால் பூட்டு உருளையையே மாற்றிச் செலவைக் கேட்பார்கள். முன்பே சொன்னால் பேசித் தீர்க்க வழி இருக்கும்.

டெபாசிட் எப்போ வரும்? கையில குடுத்துட மாட்டாங்களா?

கையில் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு பட்ஜெட் போடாதீர்கள். டெபாசிட், அதாவது கௌட்சியோன், அடிப்படை வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்று சட்டத்தில் நாள் குறிக்கவில்லை. ஹாஸ்டல்களில் சில வாரங்களில் வந்துவிடும். தனி வீட்டுக்காரர் என்றால் ஆறு மாதம் வரைகூட இழுக்கலாம். ஹீட்டிங், தண்ணீர்க் கணக்கு வருஷக் கடைசியில்தான் வரும் என்று சொல்லி ஒரு பகுதியை அதற்கு மேலும் பிடித்து வைக்க அவருக்கு வழி உண்டு.

கடைசி மாத வாடகையைக் கட்டாமல் ‘டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் யோசனை குழுவில் அடிக்கடி வரும். அதற்கு உங்களுக்கு உரிமை இல்லை. வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் மட்டுமே செய்யுங்கள்.

அப்போ பேங்க் அக்கவுண்டை மூடிட்டுப் போகவா, வேணாமா?

மூடாதீர்கள். கடைசியாக மூட வேண்டியது அதுதான். டெபாசிட், இன்ஷூரன்ஸ் மீதி, சம்பள பாக்கி, வரி ரீஃபண்ட் எல்லாம் அதில்தான் வந்து விழும். இந்திய வங்கிக்கு நேரடியாக அனுப்பச் சொன்னால் பாதிப் பேர் முடியாது என்பார்கள், அனுப்புகிறவர்களும் கமிஷனைக் கழித்துக்கொள்வார்கள். வங்கியில் இந்திய முகவரியைப் பதிந்து, மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, எல்லாப் பணமும் வந்த பிறகு ஆன்லைனிலோ கடிதத்திலோ மூடச் சொல்லுங்கள். மாணவர் என்ற சலுகை முடிந்ததும் சில வங்கிகள் மாதக் கட்டணம் எடுக்க ஆரம்பிக்கும். அதைத் தாங்கும் அளவு ஒரு தொகை கணக்கில் இருக்கட்டும்.

வெளிநாட்டு முகவரிக்குக் கணக்கு வைத்திருக்க முடியாது என்று உங்கள் வங்கி சொன்னால், வைஸ் போன்ற ஆன்லைன் பணப் பரிமாற்றச் சேவை ஒன்றில் யூரோ ஐபான் எண், அதாவது வங்கிக் கணக்கு எண், எடுத்து, அந்த எண்ணை வீட்டுக்காரருக்கும் மற்றவர்களுக்கும் எழுத்தில் கொடுங்கள்.

பிளாக்டு அக்கவுண்ட்ல மிச்சம் இருக்கு. அதை எப்படி எடுக்கறது?

விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கி வைத்த கணக்கு இது. 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 992 யூரோ என்பதுதான் அளவு. எத்தனை மாதத்துக்குப் போட்டீர்களோ அத்தனை மாதம் தவணையாக உங்கள் வங்கிக்கு வரும். ஆறு மாதத்துக்குப் போட்டவர்களுக்குத் தானாகக் காலியாகிவிடும், ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு வருடத்துக்குப் போட்டுவிட்டு ஆறு மாதத்தில் கிளம்புகிறவர்களுக்குத்தான் வேலை. முன்கூட்டியே திறக்க, தடையை நீக்கலாம் என்று வெளிநாட்டவர் அலுவலகம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். சில நிறுவனங்கள் அந்தத் தாளையும் கேட்கும். உங்கள் நிறுவனத்தின் ஆப்பில் ‘கணக்கை மூடுதல்’ பகுதியைக் கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே படித்துவிடுங்கள். அந்த அலுவலகத்திலிருந்து பதில் வரத் தாமதமாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ரேடியோ வரின்னு லெட்டர் வந்துட்டே இருந்துச்சு, நான் பிரிக்கவே இல்ல. என்கிட்ட டிவியே கிடையாது!

டிவி இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை. பொது ஒலிபரப்பு நிறுவனங்களுக்காக வீட்டுக்கு ஒன்று என்று மாதம் 18.36 யூரோ, 2021 ஆகஸ்டிலிருந்து இந்தத் தொகை. நீங்கள் ஆன்மெல்டுங் செய்த விவரம் அவர்களுக்குத் தானாகப் போகும், அதனால்தான் கடிதம் வந்தது. ஆனால் அப்மெல்டுங் செய்தால் தானாக நிற்கும் என்று நினைக்காதீர்கள். தனியாக அவர்கள் இணையதளத்தில், வெளிநாடு போகிறேன் என்று சொல்லி, அந்தத் தாளை இணைத்து நிறுத்த வேண்டும். சொல்லும் மாதக் கடைசியோடுதான் நிற்கும், முந்தின மாதங்களுக்குப் பின்னோக்கிப் போகாது. எனவே போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் மாதா மாதம் ஏறும்.

வேகேயில், அதாவது பலர் சேர்ந்து இருக்கும் வீட்டில், இருந்தீர்கள் என்றால் ஒருவர் கட்டினால் போதும். ஏற்கெனவே கட்டுகிறவரின் எண்ணைக் கொடுத்து உங்கள் பெயரை நீக்கச் சொல்லுங்கள். அப்படி யாரும் கட்டவில்லை என்றால் உறைகளைப் பிரித்து, கணக்குப் பார்த்துக் கட்டிவிடுங்கள். மாஸ்டர்ஸுக்குத் திரும்பி வரும் எண்ணம் இருக்கிறவர்கள் முக்கியமாக. புது முகவரியைப் பதிந்ததும் பழைய பாக்கி தேடி வரலாம்.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் தானா நின்னுடுமா?

அரசு முறை இன்ஷூரன்ஸ் என்றால் தானாக நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். படிப்பு முடிந்தது மட்டும் அவர்களுக்குத் தெரிந்து, நீங்கள் நாட்டை விட்டுப் போனது தெரியாவிட்டால், சட்டப்படி உங்களைத் தொடர்ந்து உறுப்பினராகவே வைத்திருப்பார்கள். வருமான விவரம் இல்லை என்பதால் உச்சத் தொகைக்கே பில் போடுவதும் நடக்கும். அந்தத் தாளையும் பிளைட் டிக்கெட்டையும் ஆப்பில் ஏற்றி, எந்தத் தேதியோடு முடித்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

முடியும் தேதிக்கும் பிளைட்டுக்கும் இடையில் நாட்கள் இருந்தால் அந்த நாட்களுக்குப் பயண இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பல் வலி, கண் பரிசோதனை எதுவும் பாக்கி இருந்தால் இன்ஷூரன்ஸ் இருக்கும்போதே காட்டிவிடுங்கள். அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும்.

ஜிம், சிம், டிக்கெட் இதெல்லாம்?

2022 ஜூலையிலிருந்து, ஆன்லைனில் சேரும் சந்தாக்களுக்கு இணையதளத்திலேயே ‘கியூண்டிகன்’ பட்டன் வைக்க வேண்டும் என்று சட்டம். அதை அழுத்தி ரத்து செய்யுங்கள், உறுதி மெயில் வரும். நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்களில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டை மாதச் சந்தாவாக வாங்கியவர்கள் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதத்தோடு நிற்கும். பல்கலைக்கழகம் தரும் செமஸ்டர் டிக்கெட் என்றால் செமஸ்டர் முடிவு வரை செல்லும். டாய்ச்லாண்ட் டிக்கெட் வகையாக இருந்தால் ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக் விமான நிலையத்துக்கு எஸ்-பான் ரயிலில் அதிலேயே போகலாம். ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்கள் மட்டும் கூடாது. ஜிம்மில் ஒரு வருட ஒப்பந்தம் போட்டவர்கள் அந்தத் தாளைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். சிலர் விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள்.

சாமான் எல்லாம் என்ன பண்றது? குக்கரை விட்டுட்டுப் போக மனசே வரல.

குக்கரை ஊருக்குத் தூக்கிப் போகாதீர்கள்! எங்கள் ஹாஸ்டலில் ஒரு மூன்று லிட்டர் குக்கர் பேட்ச் பேட்சாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. கைப்பிடி ஆடும், விசில் இரண்டு முறை மாறிவிட்டது, கேஸ்கட்டை மட்டும் யாராவது ஊரிலிருந்து வரும்போது கொண்டுவருவார்கள். அடுத்த செமஸ்டருக்கு வருகிறவர்கள் முதல் வாரத்தில் கும்பிடுவது இப்படி விட்டுப்போனவர்களைத்தான். போர்வை, ரைஸ் டப்பா, அடாப்டர் எல்லாவற்றுக்கும் இதே வழி.

விற்க வேண்டியதை கிளைன்அன்ட்சைகன் தளத்தில் மூன்று வாரம் முன்பே போடுங்கள். கடைசி வாரத்தில் போட்டால் உங்கள் அவசரம் வாங்குகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். மெத்தை, அலமாரி போன்றவற்றைத் தெருவில் தள்ளிவிட்டுப் போகக் கூடாது. பெரிய கழிவுகளை எடுத்துப்போகும் நகராட்சியின் ஷ்பெர்முல் சேவைக்கு முன்பதிவு செய்ய வேண்டும், அதற்கும் நாள் ஆகும். மூலையில் சேர்த்து வைத்த காலி பாட்டில்களை மறக்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட். ஒரு பெரிய பை நிறைய இருந்தால் கடைசி நாள் சாப்பாட்டுக்கு ஆகும். பல்கலைக்கழக உணவகமான மென்சாவின் கார்டில் மீதியிருக்கும் பணத்தையும் கார்டு டெபாசிட்டையும் வேலை நாளில் போய்த் திரும்ப வாங்குங்கள்.

ஒரு பேப்பர் சரியா எழுதலன்னு தோணுது. ரீ-எக்ஸாம் ஏப்ரல்லதானாம். என்ன பண்றது?

எழுதும் முன்பே தோன்றுகிறதென்றால் போர்டலில் பரீட்சைப் பதிவை ரத்து செய்யும் கடைசித் தேதியைப் பாருங்கள். அதற்குள் விலகினால் கணக்கில் வராது. பதிவை வைத்துக்கொண்டு போகாமல் இருந்தால் 5.0, அதாவது ஃபெயில். உடம்பு சரியில்லை என்றால் அன்றே டாக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கித் தேர்வு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

எழுதி முடித்தாகிவிட்டது என்றால், மறுதேர்வுக்கு வேறு வழி உண்டா என்று பேராசிரியரிடம் கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்குச் சிலர் வாய்மொழித் தேர்வாகக் கிளம்பும் முன்பே வைத்துக்கொடுப்பார்கள். சட்டத்தில் எழுதியிருப்பதல்ல, அவர் மனசு. மெயிலைவிட அவர் மாணவர்களைச் சந்திக்கும் ஷ்ப்ரேக்ஷ்டுண்டே நேரத்தில் நேரில் போவதுதான் பலன் தரும். மார்க் வந்தபின் திருத்திய விடைத்தாளைப் பார்க்கவும் ஒரு நாள் ஒதுக்குவார்கள். நீங்கள் ஊரில் இருந்தால் நண்பருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து அனுப்பலாமா என்று அந்தத் துறையில் கேளுங்கள்.

கட்டுரை, அதாவது ஹவுஸ்ஆர்பைட், எழுத வேண்டிய பாடங்களில் கெடு பெரும்பாலும் செமஸ்டர் கடைசியில் இருக்கும். ஊரிலிருந்தே அனுப்பலாம் என்பது வசதி, ஊருக்குப் போனால் எழுதவே மாட்டீர்கள் என்பது நிலவரம். நூலகம் இங்கேதான் இருக்கிறது. அரை வரைவாவது முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்க காலேஜ்ல உடனே மார்க்‌ஷீட் கேக்கறாங்க. இங்க இன்னும் பேப்பரே திருத்தல.

இங்கே திருத்த வாரங்கள் ஆகும், சில பாடங்களுக்கு இரண்டு மாதம்கூட. அதனால் டிரான்ஸ்கிரிப்ட் கையோடு வராது. கிளம்பும் முன் இன்டர்நேஷனல் ஆபீஸில் மூன்று வேலைகளை முடியுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை படித்தீர்கள் என்ற சான்றிதழில் முத்திரை வாங்குங்கள். வந்த பிறகு பாடத்தை மாற்றியிருந்தால் எந்தப் பாடங்கள் என்று இரண்டு கல்லூரிகளும் ஒப்புக்கொண்ட லேர்னிங் அக்ரிமென்ட்டில் அந்த மாற்றத்துக்கு இரண்டு பக்கத்துக் கையெழுத்தும் இருக்கிறதா பாருங்கள். ஊரில் கிரெடிட் தகராறு வருவதெல்லாம் இதில்தான். டிரான்ஸ்கிரிப்டை எந்த மெயிலுக்கு அனுப்புவார்கள் என்றும் கேளுங்கள். பல்கலைக்கழக மெயில் சேர்க்கை முடிந்ததும் மூடப்படலாம், சொந்த மெயிலைக் கொடுங்கள்.

உங்கள் கல்லூரிக்கு, ‘மதிப்பெண் பட்டியல் இந்தத் தேதிவாக்கில் வரும்’ என்று அதே ஆபீஸிடம் ஒரு கடிதம் கேட்டு அனுப்பினால் பெரும்பாலும் அமைதியாகிவிடுவார்கள்.

2.3 வந்திருக்கு. அப்பா ஃபெயிலான்னு கேக்கறார்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: இங்கே 1.0 தான் முதலிடம், 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். 2.3 என்பது ‘நன்று’ என்ற வகை. இன்ஜினியரிங் பாடம் என்றால் கொண்டாடவே செய்யலாம். இந்திய கிரேடாக மாற்றுவது உங்கள் கல்லூரியின் வேலை. இணையத்தில் சுற்றும் பவேரியன் ஃபார்முலா, வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பெண்ணாக்க இங்குள்ள பல்கலைக்கழகங்கள் வைத்திருப்பது. அதைத் தலைகீழாகப் போட்டு நீங்களாகக் கணக்குச் சொல்லாதீர்கள்.

புரொபசர்கிட்ட ரெகமண்டேஷன் லெட்டர் இப்பவே கேக்கணுமா? மாஸ்டர்ஸுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கே.

இப்போதே கேளுங்கள். எண்பது பேர் வகுப்பில் உங்கள் முகம் அவருக்கு ஞாபகம் இருக்கப்போவது இந்த மாதம் வரைதான். நீங்கள் செய்த புராஜெக்ட்டின் ஒரு பக்கச் சுருக்கத்தோடு போங்கள். செமினாரில் பேசிய, லேபில் வேலை பார்த்த பாடத்தின் ஆசிரியர்தான் சரியான ஆள். பெரிய பெயருடையவர் எழுதும் பொதுவான நாலு வரியால் பயனில்லை.

விசா மார்ச் 31 வரை இருக்கு. மார்ச் 30 பாரிஸ் போய் அங்கிருந்து ஏப்ரல் 2 பிளைட் பிடிக்கலாமா?

முடியாது. ஜெர்மனியின் நீண்டகால விசா செல்லுபடியாகும் வரைதான் மற்ற செங்கன் நாடுகளில் 180 நாளுக்கு 90 நாள் சுற்றும் உரிமை. விசா முடிந்தால் அதுவும் முடிந்தது. பாரிஸிலிருந்து ஏறினாலும், ஜெர்மனியில் ஏறி பாரிஸில் விமானம் மாறினாலும், செங்கனை விட்டு வெளியேறும் பரிசோதனை அங்கேதான் நடக்கும். நள்ளிரவு தாண்டும் இணைப்பு விமானம் என்றால் தேதியை இரண்டு முறை பாருங்கள். இரவு 11 மணிக்குப் புறப்பட வேண்டியது தாமதமானாலே தேதி மாறிவிடும். குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விட்டுப் போடுங்கள். லண்டன், டப்ளின் இரண்டும் செங்கன் கிடையாது என்பதையும் ஒவ்வொரு வருஷமும் யாராவது டிக்கெட் போட்டபிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

ரீ-எக்ஸாமுக்காக விசாவை ஒரு மாசம் நீட்டிக்க முடியுமா?

கேட்கலாம். விசா முடிவதற்கு முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அதுதான் உயிர்நாடி. முடிவதற்கு முன் போட்டால், அவர்கள் தீர்மானிக்கும் வரை இருக்க சட்டம் இடம் தருகிறது. ஃபிக்ஷியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தாளைக் கொடுப்பார்கள். ஒரு நாள் தாமதித்தாலும் நிலைமை வேறு. பரீட்சைத் தேதிக்கான பல்கலைக்கழகக் கடிதம், அந்த மாதச் செலவுக்கான பணக் கணக்கு, இன்ஷூரன்ஸ் மூன்றும் கேட்பார்கள். ஆகவே மறுதேர்வு உண்டு என்று தெரிந்தால், மேலே சொன்ன இன்ஷூரன்ஸையும் அப்மெல்டுங்கையும் அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள்.

பார்ட் டைம் வேலை பார்த்தேன், சம்பளத்துல வரி பிடிச்சாங்க. திரும்பக் கிடைக்குமா?

வருட வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருந்தால் பெரும்பாலும் கிடைக்கும். 2025-க்கு அந்த வரம்பு 12,096 யூரோ. கட்டாயம் இல்லாதவர்களும் நான்கு வருடம் வரை எல்ஸ்டர் என்ற அரசு தளத்தில் கணக்குக் கொடுக்கலாம். எல்ஸ்டர் பதிவுக்கான குறியீடு தபாலில் ஜெர்மன் முகவரிக்கு வரும் என்பதால், இங்கே இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். சம்பள வரிச் சான்றிதழை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். 11 இலக்க வரி எண் இருக்கும் கடிதத்தைத் தூக்கி எறியாதீர்கள், அந்த எண் ஆயுளுக்கும் மாறாது.

நான் போனப்புறம் லெட்டர் வந்தா?

வரும். நம்பிக்கையான நண்பர் ஒருவர் பெயரை, கடிதங்களை அவரிடம் கொடுக்கலாம் என்று எழுதி, அடுத்து அந்த அறைக்கு வருகிறவரிடம் கொடுங்கள். தபால் துறையின் முகவரி மாற்றச் சேவையிலும் நண்பர் முகவரிக்குத் திருப்பலாம். உறையைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பச் சம்மதிக்கும் நண்பராக இருக்க வேண்டும், அதுதான் தகுதி.

கடைசி மூணு வாரம் பரீட்சைக்குப் படிக்கறதா, ஊர் சுத்தறதா, அழறதா?

படிப்புக்கு முதலிடம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பார்த்தவரை, பார்க்காத நாடுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு கடைசி வாரத்தில் நாலு தலைநகரம் ஓடியவர்களைவிட, தன் ஊரிலேயே இருந்து நண்பர்களோடு சமைத்துச் சாப்பிட்டவர்கள்தான் திருப்தியாகக் கிளம்பினார்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஈழத்தமிழர்கள் எழுப்பிய கோபுரம், 2002-இல் குடமுழுக்கு ஆனது. கோடை செமஸ்டர்காரர்களுக்குத் தேர்த் திருவிழா பார்க்கும் அதிர்ஷ்டமும் உண்டு.

திரும்ப மனசில்லை என்பதும் சகஜம், சீக்கிரம் போனால் போதும் என்பதும் சகஜம். இரண்டும் ஒரே நாளில் வரும். வீட்டில் போன் செய்து இரண்டையும் சொல்லாதீர்கள், அம்மா தூங்கமாட்டார்.

ஏர்போர்ட்லயே ஜெர்மன் சிம்மைக் கழட்டிப் போட்டுடலாமா?

கூடாது. வங்கி, இன்ஷூரன்ஸ், பல்கலைக்கழகப் போர்டல் என்று எல்லாவற்றின் ரகசிய எண்ணும் அந்த நம்பருக்குத்தான் வரும். கிளம்பும் முன் ஒவ்வொன்றிலும் இந்திய எண்ணையோ ஆத்தென்டிகேட்டர் ஆப்பையோ மாற்றிப் பதியுங்கள். மாற்ற முடியாதவற்றுக்காக பிரிபெய்டு சிம்மை கொஞ்சம் பணத்தோடு உயிரோடு வைத்திருங்கள். ஊருக்குப் போனதும் புது போன் வாங்கும் திட்டம் இருந்தால், பழைய போனை அழிப்பதற்கு முன் வங்கி ஆப்பைப் புதியதில் இணைத்துவிடுங்கள். சில வங்கிகளில் அந்த இணைப்புக் குறியீடு தபாலில் வரும், அதுவும் ஜெர்மன் முகவரிக்கு.